‘பல்பை மாற்ற முடியாது’ என்று போட்ட விளக்கில் பல்பை மாற்றுவது எப்படி?

ஹோல்டரே இல்லாமல், எல்இடியை உள்ளேயே பொருத்தி வரும் விளக்குகள் பல வகை. மேசை விளக்கு, கூரையோடு ஒட்டிய வட்ட விளக்கு, ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கும் டவுன்லைட், சதுரப் பேனல், கண்ணாடிக்கு மேலே மாட்டும் நீள விளக்கு எல்லாம் இந்தக் கூட்டம்தான். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஒளிமூலத்தை மாற்ற இயலாது’ என்று இருக்கும். எரியாமல் போனால் விளக்கையே தூக்கி எறிய வேண்டியதுதான் என்று அதைப் படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூன்றே பொருட்கள்: எல்இடி சிப்கள் பதித்த அலுமினியப் போர்டு, அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர், இரண்டையும் இணைக்கும் ஒரு ஜோடி ஒயர். மூன்றும் தனித்தனியாக விற்பனைக்குக் கிடைப்பவை. பல நேரங்களில் போனது ஒரே ஒரு சிப்பாகவோ, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரே ஒரு கெப்பாசிட்டராகவோ இருக்கும்.

எது போனது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அதைச் செய்யாமல் கடையில் ‘12 வாட் போர்டு ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கி மாட்டினால், பணம் போவதோடு புதுப் போர்டும் சீக்கிரமே போகும். எல்இடி வேலையில் முதலில் பார்க்க வேண்டியது மில்லியாம்ப், அதாவது ஓடும் கரண்டின் அளவு. வாட் அதற்குப் பிறகுதான்.

கை வைக்கும் முன்

சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாது. சில இடங்களில் ஒயரிங் தவறாகச் செய்யப்பட்டு, ஸ்விட்ச் ஃபேஸை விட்டுவிட்டு நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். விளக்கு அணைந்திருக்கும், ஒயரில் மின்சாரம் இருக்கும். அந்தச் சுற்றுக்கான பிரேக்கரையே இறக்குங்கள். இறக்கிய பிறகு விளக்கின் டெர்மினலில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். அதற்கு முன்பே, மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் அதே மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துவிடுங்கள். செத்த மீட்டரும் சுழியம்தான் காட்டும்.

அணைத்த பிறகும் டிரைவருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். 230 வோல்ட் ஏசியை டிரைவர் முதலில் சுமார் 325 வோல்ட் டிசியாக மாற்றி ஒரு கெப்பாசிட்டரில் வைத்துக்கொள்கிறது. டிரைவர் நல்ல நிலையில் இருந்தால் அது சில நொடிகளில் வடிந்துவிடும். ஆனால் டிரைவர் கெட்டிருக்கும்போது வடிய வழி இல்லாமல் நெடுநேரம் அப்படியே நிற்கலாம். போர்டைத் தொடும் முன் அந்தக் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் டிசி வோல்ட் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 10 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களை இன்சுலேஷன் உள்ள குறட்டால் பிடித்து சில நொடிகள் குறுக்கே வையுங்கள். திருப்புளியால் ஷார்ட் செய்கிற பழக்கம் தீப்பொறி பறக்கவிடுவதோடு போர்டின் தாமிரத் தடத்தையும் கிழித்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை இது. மலிவான விளக்குகள் பலவற்றின் டிரைவரில், எல்இடி பக்கத்தை வீட்டு மின்சாரத்திலிருந்து (மெயின்ஸிலிருந்து) தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. அப்படிப்பட்ட விளக்கில் எல்இடி போர்டுக்கு வருவது வெறும் 40 வோல்ட் என்று லேபிள் சொன்னாலும், அந்த 40 வோல்ட்டின் ஒரு முனை நேராக மெயின்ஸோடு தொடர்பில் இருக்கும். விளக்கு எரியும்போது சிப்பில் விரல் பட்டால் வீட்டு மின்சாரத்தைத் தொட்டது போலத்தான். தொடங்குபவர்கள் எல்லாச் சோதனையையும் மின்சாரம் இல்லாத நிலையிலேயே செய்துவிடலாம். கீழே உள்ளவை பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

ஒயர் கருகியிருந்தாலோ, உலோக உடல் உள்ள விளக்குக்கு எர்த் ஒயரே வந்திருக்காவிட்டாலோ, தண்ணீர் படும் இடத்தில் சீல் செய்து மாட்டிய விளக்காக இருந்தாலோ அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். உடல் முழுதும் பிளாஸ்டிக்காகி, லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் விளக்கு. அதற்கு எர்த் தேவையில்லை.

தேவைப்படும் சாமான்: திருப்புளிகள், மெல்லிய பிளாஸ்டிக் நெம்புத் தகடு, மல்டிமீட்டர், 60 வாட் சால்டரிங் அயர்ன், சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இவற்றோடு 9 வோல்ட் பேட்டரி இரண்டும், அரை வாட் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வேண்டும். அவை எதற்கு என்பது பின்னால் வரும்.

திறப்பது

மூடியை உடைத்துவிட்டு அதன் பிறகு திருகைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம். வட்டக் கூரை விளக்கின் வெள்ளை மூடி பெரும்பாலும் இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும். பல நாள் தூசியில் இறுகியிருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இரு கையாலும் சமமாகத் திருப்புங்கள். திரும்பவே இல்லையென்றால் அது கொக்கி வகை. விளிம்பில் நெம்புத் தகட்டை நுழைத்து, ஒரு கொக்கி விட்டதும் அந்த இடத்தில் ஒரு அட்டையைச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இல்லாவிட்டால் முதல் கொக்கி மறுபடி மாட்டிக்கொள்ளும்.

மேசை விளக்குகளில் திருகுகள் ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் லேபிளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். லேபிளை விரலால் தடவினால் பள்ளம் தெரியும். பசை போட்டு ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கி, மெல்லிய கத்தியைச் சுற்றிவர ஓட்டுங்கள். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை உருக்கி இணைத்த விளக்குகளும் உண்டு. அவற்றைச் சூடாக்கிப் பயனில்லை, இணைப்புக் கோட்டில் மெல்லிய ரம்பத்தால் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் அறுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஒயர் அறுபடும். மூடும்போது சிலிகோன் பசை போட்டால் போதும்.

டவுன்லைட்டை இறக்கும்போது பக்கத்து ஸ்பிரிங் கிளிப்கள் மேல் கவனம் வேண்டும். விளிம்பு கூரையைத் தாண்டியதும் அவை எலிப்பொறி போல மடங்கி விரலைப் பதம் பார்க்கும். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் ஒயர் நிறங்கள் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எது போனது?

விளக்கு எப்படிக் கெட்டது என்பதே பாதி விடை. திடீரென்று முழுவதும் அணைந்தால் சிப், டிரைவர் இரண்டில் எதுவும் இருக்கலாம். எரிந்து சில நிமிடத்தில் அணைந்து, ஆறியதும் மறுபடி எரிந்தால் ஒரு சிப்பின் உள்ளிணைப்போ ஒரு சால்டர் இணைப்போ சூட்டில் விரிந்து விலகுகிறது. டிரைவரின் வெப்பப் பாதுகாப்பு துண்டித்தாலும் இப்படித்தான் தெரியும். சீராகத் துடித்தால் டிரைவரின் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். பாதி வட்டம் மட்டும் எரிந்தால் போர்டில் ஒரு வரிசை போயிருக்கிறது, டிரைவர் நன்றாக இருக்கிறது. அணைத்த பிறகும் மங்கலாக மினுங்குவது பெரும்பாலும் விளக்கின் கோளாறு இல்லை. ஸ்விட்சில் உள்ள இண்டிகேட்டர் விளக்கு வழியாகவோ பக்கத்து ஒயரிலிருந்தோ கசியும் சிறு மின்சாரம் அது.

அடுத்து கண்ணால் பாருங்கள். சிப்பின் மஞ்சள் பரப்பில் கடுகு அளவில் கரும்புள்ளி இருந்தால் அது செத்த சிப். சிப்கள் தொடராக, அதாவது சீரிஸில், இருப்பதால் ஒன்று அறுந்தாலே மொத்தமும் அணைந்துவிடும். முப்பது சிப் உள்ள விளக்கு ஒரே ஒரு சிப்பால் இருண்டு கிடப்பது இதனால்தான். ஆனால் கரும்புள்ளி இல்லாமலும் சிப் சாகும். அதனால் சோதிக்கத்தான் வேண்டும்.

இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, அதன் ஒரு முனையில் 1 கிலோஓம் ரெசிஸ்டரைச் சேருங்கள். 18 வோல்ட் சோதனைக் கருவி தயார். போர்டிலிருந்து டிரைவரின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிப்பின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் முனைகளை மாற்றித் தொடுங்கள். ஒரு நல்ல சிப் கிடைத்ததும் எந்தப் பக்கம் பிளஸ் என்பது தெரிந்துவிடும், மற்றவையும் தடத்தின் போக்கில் அதே ஒழுங்கில்தான் இருக்கும். 3 வோல்ட் சிப்புக்கு இதில் 15 மில்லியாம்ப் போகும், 9 வோல்ட் சிப்புக்கு 9 மில்லியாம்ப். இரண்டுமே கண்ணுக்குத் தெளிவாக எரியும், சிப்புக்குக் கேடு இல்லை. பல மல்டிமீட்டர்களின் டயோடு நிலையிலும் 3 வோல்ட் சிப் மங்கலாக எரியும். ஆனால் ஒரே உறைக்குள் இரண்டு மூன்று எல்இடிகளை அடுக்கிய 6, 9 வோல்ட் சிப்களை அதனால் எரிய வைக்க முடியாது. அதை நம்பி எல்லாச் சிப்பும் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 18 வோல்ட் சிப்களும் உண்டு, அவற்றுக்கு மூன்றாவது பேட்டரி வேண்டும்.

தொடும்போது இரண்டு சிப் சேர்ந்து எரிந்தால் அவை இணையாக, பேரலலில், இருக்கின்றன. ஜோடியில் ஒன்று மட்டும் எரிந்தால் மற்றது போய்விட்டது. நல்லது தன் கரண்டோடு செத்ததின் கரண்டையும் சுமந்துகொண்டிருக்கிறது. அடுத்து போகப் போவது அதுதான்.

எல்லாச் சிப்பும் எரிகின்றன என்றால் கோளாறு டிரைவரில், அல்லது ஒயரில். வளைகிற கழுத்துள்ள மேசை விளக்கில் டிரைவரைத் திட்டும் முன் கழுத்துக்குள் ஓடும் ஒயரைப் பாருங்கள். இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் தொடர்ச்சி நிலையில் மீட்டரை வைத்துக் கழுத்தை மெல்ல வளையுங்கள். ஒயர் அறுந்திருந்தால் பீப் சத்தம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. அறுந்த ஒயரை மாற்றுவது இந்தக் கட்டுரையிலேயே எளிதான வேலை. 5 வோல்ட்டில் ஓடும் சிறு விளக்குகளில் சிப்கள் பெரும்பாலும் பேரலலில் இருக்கும், ஒன்று போனால் மற்றவை எரியும். அது ஒட்டுமொத்தமாக அணைந்தால் ஒயர், ஸ்விட்ச், சார்ஜ் செய்யும் பகுதி என்றுதான் தேட வேண்டும்.

ஒரு சிப் மட்டும் போயிருந்தால்

இதற்கு இரண்டு வழி: அதைத் தாண்டி இணைப்பது, அல்லது புதுச் சிப் வைப்பது.

தாண்டி இணைப்பது எளிது. செத்த சிப்பைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட்டு, அடியில் உள்ள இரண்டு தடங்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சால்டர் வைத்துவிட வேண்டும். டிரைவர் ஒரே அளவு கரண்டைத் தள்ளும் வகை என்பதால் மற்றச் சிப்களுக்குக் கூடுதல் சுமை வராது. மொத்த வோல்ட் மட்டும் ஒரு சிப்பின் பங்கு குறையும். டிரைவர் லேபிளில் 30–42 வோல்ட் என்று இருந்து, போர்டில் 3 வோல்ட் சிப்கள் 14 தொடராக இருந்தால், ஒன்றை நீக்கிய பின் 39 வோல்ட். தாராளமாக எல்லைக்குள் இருக்கிறது.

இது எங்கே சரிவராது? டிரைவர் தனியாக இல்லாமல் சிறு ஐசி (ஒரே உறைக்குள் அடங்கிய மின்சுற்று) ஒன்றாக எல்இடி போர்டிலேயே உட்கார்ந்திருக்கும் விளக்குகள் உண்டு. அந்த ஐசிக்களில் பெரும்பாலானவை மிஞ்சும் வோல்ட்டை வெப்பமாக எரித்துத் தள்ளுபவை. 18 வோல்ட் சிப் ஒன்றை நீக்கினால், 50 மில்லியாம்ப் ஓடும் விளக்கில் ஐசியின் தலையில் கூடுதலாக 0.9 வாட் விழும். நகக்கண் அளவு ஐசிக்கு அது அதிகம். பேரலல் ஜோடியில் ஒன்றை ஷார்ட் செய்தால் ஜோடியே அணையும் என்பதையும் மறக்க வேண்டாம். தொடரில் பத்தில் ஒன்றுக்கு மேல் நீக்காமல் இருப்பது நல்லது.

புதுச் சிப் வைப்பதில் சிக்கல் அலுமினியம். அயர்ன் கொடுக்கும் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிப் பரப்பிவிடும், சால்டர் உருகவே உருகாது. மேலிருந்து அழுத்தி அழுத்திப் பார்ப்பவர்கள் தடத்தைப் பிய்த்துவிடுகிறார்கள். சூடு கீழிருந்து வர வேண்டும். சிறிய ஹாட் பிளேட்டின் மேல் போர்டை வைத்து, சால்டர் பளபளவென்று உருகியதும் இடுக்கியால் பழையதை எடுத்து, துளி ஃபிளக்ஸ் வைத்து, புதியதை அதே இடத்தில் இறக்கி, உடனே போர்டைத் தூக்கிவிட வேண்டும். ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயமில்லாதது 217 டிகிரிக்கு அருகில். பிளேட்டை அதிகம் சூடாக்கினால் மற்றச் சிப்களின் வெள்ளை உறை பழுப்பாகலாம். பிளேட் இல்லையென்றால் துணி தேய்க்கும் பெட்டியைத் தலைகீழாக அசையாமல் பிடித்துவைத்தும் செய்கிறார்கள். வேலை ஆகும், ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்துவது கண்ணளவில்தான்.

சிப் வாங்கும்போது ‘2835’ போன்ற அளவு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். 2835 என்பது 2.8 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற உறை அளவு மட்டுமே. அதே உறையில் 3 வோல்ட் 60 மில்லியாம்ப் சிப்பும் கிடைக்கும், 9 வோல்ட் 100 மில்லியாம்ப் சிப்பும் கிடைக்கும், 18 வோல்ட்டும் கிடைக்கும். அடியில் உள்ள இரண்டு பட்டைகளில் பெரியது பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் தயாரிப்பைப் பொறுத்து மாறுகிறது. உறுதியாகத் தெரிய, வைக்கும் முன் பேட்டரிச் சோதனையில் ஒருமுறை எரியவிடுங்கள்.

ஒரு சிப் ஏன் செத்தது என்றும் யோசிக்க வேண்டும். தயாரிப்பவர்கள் குறைந்த சிப்களில் அதிக ஒளி எடுக்க, கரண்டை உச்சத்தில் ஓட்டுகிறார்கள். மற்றச் சிப்களும் அதே சூட்டில் அதே காலம் வெந்தவைதான். கரண்டைக் குறைக்காமல் மூடினால் அடுத்த சிப் காத்திருக்கிறது. டிரைவர் ஐசிக்குப் பக்கத்தில் சில ஓம் மதிப்புள்ள இரண்டு சிறு ரெசிஸ்டர்கள் பேரலலில் இருக்கும். பெரும்பாலும் ‘ஆர்எஸ்’ அல்லது ‘சிஎஸ்’ என்ற எழுத்துகள் அருகில் இருக்கும். கரண்டை முடிவு செய்பவை அவைதான். இரண்டில் ஓம் மதிப்பு அதிகமானதை எடுத்துவிட்டால் கரண்ட் குறையும். 10 ஓமும் 20 ஓமும் இருந்து 20ஐ எடுத்தால், கரண்ட் மூன்றில் இரண்டு பங்காகும். ஒளி அதே விகிதத்துக்குக் குறையாது, ஏனென்றால் குறைந்த கரண்டிலும் குறைந்த சூட்டிலும் சிப்பின் திறன் கூடுகிறது. தவறிப்போய் மதிப்புக் குறைந்ததை எடுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், விளக்கு மங்கலாகும், வேறு கேடு இல்லை. ஒரே ஒரு ரெசிஸ்டர்தான் இருக்கிறதென்றால் அதைத் தொடாதீர்கள்.

போர்டு முழுவதையும் மாற்றுவது

மூன்று நான்கு சிப் போயிருந்தால், அல்லது உறைகள் பழுப்பாகியிருந்தால், போர்டையே மாற்றுவது நல்லது. புதுப் போர்டில் நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். அளவும் திருகுத் துளைகளும் முதலாவது. அடுத்து தொடரில் உள்ள சிப்களின் மொத்த வோல்ட், டிரைவரின் வோல்ட் எல்லைக்குள் விழ வேண்டும். போர்டு தாங்கும் கரண்ட், டிரைவர் கொடுப்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். கடைசியாக நிறம்: 2700, 3000 கெல்வின் மஞ்சள் சாயல், 4000 நடுநிலை, 6500 நீலம் கலந்த வெள்ளை. ஒரே அறையில் மற்ற விளக்குகள் 3000ஆக இருக்க இதில் மட்டும் 4000 வைத்தால் அந்த வேறுபாடு உறுத்திக்கொண்டே இருக்கும்.

போர்டில் ‘12எஸ்3பி’ போல அச்சிட்டிருந்தால், 12 சிப் தொடராகவும் அப்படி 3 வரிசை பேரலலாகவும் இருக்கின்றன என்று பொருள். 3 வோல்ட் 60 மில்லியாம்ப் சிப் என்றால் 36 வோல்ட், 180 மில்லியாம்ப் வரை. சுமார் 6.5 வாட்.

பழைய போர்டு ரிவெட்டால் அடிக்கப்பட்டிருந்தால் ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுத்துவிட்டு 3 மில்லிமீட்டர் திருகு போடுங்கள். திருகுத் தலைக்குக் கீழே நைலான் வாஷர் கட்டாயம். வாஷர் இல்லாமல் தலை தடத்தின் மேல் உட்கார்ந்தால், விளக்கின் உலோக உடலுக்கே மின்சாரம் வந்துவிடும். போர்டுக்கு அடியில் தெர்மல் பேஸ்டை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அதிகம் போட்டால் அதுவே சூட்டைத் தடுக்கும். பேஸ்ட் இல்லாமல், அல்லது போர்டு வளைந்து நடுவில் இடைவெளி விட்டபடி மாட்டிய விளக்கு நீண்ட நாள் எரியாது. பொருத்திய பிறகு சிப்பின் முனைக்கும் உலோக உடலுக்கும் நடுவே மீட்டரை உயர்ந்த ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். எல்லையற்றது என்று காட்டினால்தான் அடுத்த படி.

கூரை விளக்குகளுக்குக் காந்தக் கால்களோடு ஆயத்த மாட்யூல்கள் வருகின்றன. பழைய போர்டையும் டிரைவரையும் எடுத்துவிட்டு இதை ஒட்டினால் முடிந்தது. விளக்கின் தட்டு இரும்பாக இருக்க வேண்டும், அலுமினியத்தில் காந்தம் நிற்காது. டிரைவரையும் முகப்பிலேயே வைத்த மாட்யூல் என்றால் மெயின்ஸ் மின்சாரம் சிப்களின் பக்கத்திலேயே ஓடும். மூடி உடைந்த விளக்கில் அதைப் பொருத்தவே கூடாது.

டிரைவர்

லேபிள் படிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வெளியீட்டில் ‘300 மில்லியாம்ப், 30–42 வோல்ட் டிசி’ என்பதுபோல் இருக்கும். புதியது அதே மில்லியாம்ப், அதே எல்லையை உள்ளடக்கிய வோல்ட். 280 மில்லியாம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. 350 வேண்டாம். தனிப்படுத்திய வகையா என்று கேட்டு வாங்குங்கள். உலோக உடல் விளக்கில் அது பெரிய பாதுகாப்பு. ஒளியைக் குறைக்கும் டிம்மர் சுவரில் இருந்தால் அதற்கு ஏற்ற டிரைவர்தான் வேண்டும். 12 அல்லது 24 வோல்ட் நிலையான வோல்ட் அடாப்டரை இந்த இடத்தில் வைக்க முடியாது. அது ரெசிஸ்டர் பதித்த எல்இடி பட்டைகளுக்கானது. நேரடியாகச் சிப்புகளுக்குக் கொடுத்தால் கரண்டைத் தடுக்க எதுவும் இருக்காது.

டிரைவரையே பழுது பார்க்க விரும்பினால் முதலில் கெப்பாசிட்டரின் தலையைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்புக் கசிவு இருந்தாலோ மாற்ற வேண்டியது அதுதான். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை. பட்டை போட்ட பக்கம் மைனஸ். இந்தக் கெப்பாசிட்டர்களுக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும், எனவே 85 டிகிரி வகையை வைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். நுழைவாயிலில் உள்ள ஃபியூஸ் ரெசிஸ்டர் எரிந்திருந்தால் அதை மட்டும் மாற்றிப் பயனில்லை. பெரும்பாலும், பின்னால் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜோ ஐசியோ ஷார்ட் ஆனதால்தான் அது எரிந்திருக்கும். அப்படியென்றால் புதியதும் அடுத்த நொடியே எரியும். அந்த இடத்தில் ஒயரை வைத்து இணைப்பது நெருப்புக்கு வழி. அந்தக் கட்டத்தில் புது டிரைவர்தான் சிக்கனம்.

ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் முனையில் எல்இடி போர்டைச் செருகக் கூடாது. சுமை இல்லாத டிரைவர் தன் உச்ச வோல்ட்டுக்கு ஏறி, வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் அதை நிரப்பி வைத்திருக்கும். போர்டு தொட்டதும் அத்தனையும் ஒரே வீச்சில் சிப்களில் இறங்கும். புதுப் போர்டு மாட்டியதும் போய்விட்டது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் கதை இதுதான். முதலில் எல்இடி, பிறகு மின்சாரம்.

சதுரப் பேனல் மட்டும் தனி ரகம்

மெல்லிய பேனல்களில் பலவற்றில் சிப்கள் முகப்பில் இருக்காது. சட்டத்தின் ஓரங்களில் பட்டையாக ஒட்டியிருக்கும். ஒளி, தெளிந்த அக்ரிலிக் தகட்டின் விளிம்பு வழியாக நுழைந்து, அதன் முதுகில் உள்ள புள்ளிகளில் பட்டு முன்பக்கம் திரும்பும். சட்டத்தின் மூலைத் திருகுகளைக் கழற்றும்போது பேனலை முகம் கீழாகப் படுக்க வைத்துச் செய்யுங்கள். உள்ளே வெள்ளை எதிரொளிப்புத் தாள், அக்ரிலிக், பால் தாள் என்ற வரிசை இருக்கும். வரிசை மாறினாலோ அக்ரிலிக் தலைகீழானாலோ விளக்கு பொட்டுப் பொட்டாகத் தெரியும். கைரேகையும் தூசியும்கூடப் புள்ளியாக ஒளிரும், அதனால் பருத்திக் கையுறை போடுங்கள். பட்டை இரட்டைப் பக்கப் பசையில் ஒட்டியிருக்கும். உரித்த பின் அதே பசையை மறுபடி நம்பாமல், வெப்பம் கடத்தும் பசைப் பட்டை புதிதாகப் போடுங்கள்.

ஹோல்டராக மாற்றிவிடலாமா?

ஆழமான உடல் இருந்தால் உள்ளே உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டுச் சாதாரணத் திருகு ஹோல்டர் ஒன்றைப் பொருத்துவது நல்ல யோசனை. பிறகு இந்தத் தொல்லையே இல்லை. பல்புக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். மூடிய விளக்கில் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்ட எல்இடி பல்பு மட்டும் போடுங்கள். உலோக உடலுக்கு எர்த் இணைத்தே ஆக வேண்டும். திருகு ஹோல்டரின் நடு முனைக்கு ஃபேஸ், வெளிச் சுருளுக்கு நியூட்ரல். மாற்றி இணைத்தால் பல்பு மாற்றும்போது விரல் படும் பக்கம் மின்சாரம் இருக்கும்.

மூடிய பிறகு

மூடியை முழுவதும் இறுக்கிவிட்டுத்தான் பிரேக்கரை ஏற்ற வேண்டும். ‘எரிகிறதா பார்த்துவிட்டு மூடலாம்’ என்பது தனிப்படுத்தாத டிரைவரில் ஆபத்தான ஆசை. ஒரு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, அணைத்த உடனே உடலின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பேஸ்ட் சரியாகப் படவில்லை, அல்லது கரண்ட் அதிகம். திறந்து சரிசெய்யுங்கள், தானாகச் சரியாகாது.

மூடும் முன் போர்டின் வோல்ட், டிரைவரின் மில்லியாம்ப், எடுத்த ரெசிஸ்டரின் மதிப்பு, தேதி ஆகியவற்றை மார்க்கரால் விளக்கின் உட்புறத்தில் எழுதிவிடுங்கள். எடுத்த ரெசிஸ்டரையும் டேப்பில் சுற்றி அங்கேயே ஒட்டலாம்.